உறுப்பினர்கள் சங்க இதழை ரசித்துப் படிக்கிறார்களா?

கோத்தகிரியில் இலக்கிய ரசனைச் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கும் நண்பர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சங்கத்தில் எண்பதுக்குக் குறையாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 64 பக்கங்களில் இதழ் வெளிவருகிறது. பேராசிரியர்களிடமும் பெயர்பெற்ற எழுத்தாளர்களிடமும் கேட்டு வாங்கிய கட்டுரைகள் அதில் இடம்பெறுகின்றன. கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் “இதழ் மிகச் சிறப்பு” என்கிறார்கள். ஆனால் ஓர் உறுப்பினரின் வீட்டுக்குப் போனபோது மூன்று இதழ்கள் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். அச்சை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடலாமா என்பது அவர் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, உறுப்பினர்கள் இந்த இதழால் மகிழ்கிறார்களா, இல்லையென்றால் அதை எப்படிக் கண்டறிவது, எதை மாற்றுவது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை கண்டால் அச்சா பிடிஎஃபா என்பது தானாகவே தெளிந்துவிடும்.

என் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். குன்னூரில் இதேபோன்ற ஒரு சிறு வட்டத்தின் இதழைப் பல ஆண்டுகள் தொகுத்திருக்கிறேன். உதகையிலும் கூடலூரிலும் உள்ள நண்பர்களின் இதழ்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சிறு தேயிலை விவசாயிகள், எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், வீட்டு வேலைகளுக்கிடையே படிக்க நேரம் ஒதுக்கும் பெண்கள் ஆகியோர் சேர்ந்த மலையூர்ச் சங்கங்களை மட்டுமே நான் நெருங்கி அறிவேன். ஆயிரக்கணக்கில் உறுப்பினர் கொண்ட நகரத்து அமைப்புகளுக்கு நான் சொல்வது பொருந்தும் என்று வாதிட மாட்டேன்.

உறை பிரிக்கப்படாத அந்த மூன்று இதழ்கள் உங்களை வருத்தியிருப்பது புரிகிறது. ஆனாலும் அவற்றை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டாம். சங்கத்தில் சேர்கிறவர்களில் சிலர் படிப்பதற்காகவே சேர்கிறார்கள். சிலர் மாதம் ஒருமுறை நல்ல மனிதர்களோடு உட்கார்ந்து பேசக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்துக்காகச் சேர்கிறார்கள். இந்த இரண்டாம் வகையினர் இதழைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும், அது வீட்டுக்கு வந்து சேர்வதே அவர்களுக்கு ஒரு நிறைவைத் தருகிறது. தம் பெயர் எழுதிய உறை ஒன்று அஞ்சலில் வருவதை அவர்கள் விரும்புகிறார்கள். அது நின்றுபோனால் முதலில் வருந்துகிறவர்களும் அவர்கள்தான். அவர்களைக் குறைவாக எண்ணக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் கவலைப்பட வேண்டியது, படிக்கும் வழக்கம் உடையவர்களும் நம் இதழைப் படிக்காமல் வைத்துவிடுகிறார்களா என்பதைப் பற்றித்தான்.

அப்படி நடக்கிறது என்றால், என் அனுபவத்தில் முதற்காரணம் கட்டுரைகளின் தரக்குறைவு அன்று. சங்க இதழ் என்றதும் நம் மனத்தில் எழும் மாதிரி ஒன்று இருக்கிறது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் அடுத்த ஆண்டே ‘செந்தமிழ்’ இதழைத் தொடங்கியது. 1911இல் தஞ்சையில் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925 முதல் ‘தமிழ்ப் பொழில்’ இதழை நடத்தியது. ஏட்டுச் சுவடிகளில் கிடந்த நூல்களை வெளிக்கொணர்வது, பாட வேறுபாடுகளை ஆராய்வது, புலவர்களின் காலத்தைப் பற்றி வாதிடுவது என்று வேறு எவரும் செய்ய முன்வராத பணிகளை அவை மேற்கொண்டன. அவை புலவர்கள் புலவர்களுக்காக நடத்திய இதழ்கள். நம்மைப் போன்ற சிறு சங்கங்கள் இதழ் தொடங்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்தத் தோற்றத்தையே எடுத்துக்கொள்கிறோம். நான்கு ஆய்வுக் கட்டுரைகள், ஒரு மதிப்புரை, ஒரு தலையங்கம், விழாச் செய்திகள் என்று நிரப்புகிறோம். கட்டுரைகள் நன்றாகவே இருக்கின்றன. மாலையில் கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்காரும் ஒருவருக்கு அவற்றுக்குள் நுழைய வாசல் இல்லை, அவ்வளவுதான்.

ரசனைக்கென்று நம்மிடம் வேறொரு மரபு இருக்கிறது. உங்கள் சங்கத்தின் பெயரிலேயே ரசனை இருப்பதால் அதை நினைவூட்டுகிறேன். ரசிகமணி என்று அழைக்கப்பட்ட டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டில் கூட்டிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கிய நண்பர்களின் கூட்டத்தில் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லி, அதன் ஓசையிலும் உணர்ச்சியிலும் தோய்வதே பெரும்பகுதி வேலையாக இருந்தது. கம்பனின் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதையும் சொற்களைத் திருத்தியதையும் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. ஆனால் ரசனையை மற்றவரிடம் கொண்டுசேர்க்கும் வழியை அவரைப்போல் அறிந்தவர்கள் குறைவு. நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வந்து இன்றும் வாசிக்கப்படுகின்றன. கடிதம் என்பது ஒருவர் மற்றொருவரை நினைத்து எழுதுவது. எதிரில் இருப்பவருக்கு இந்தப் பாடல் எட்ட வேண்டுமே என்ற அக்கறை ஒவ்வொரு வரியிலும் இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் அந்த அக்கறை இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சங்க இதழ் என்பது ஒருவரையொருவர் அறிந்த எண்பது பேருக்கு எழுதப்படுவது என்பதால் அது கடிதத்துக்குத்தான் நெருக்கமானது. உறுப்பினர்களின் மகிழ்ச்சி இந்த நெருக்கத்திலிருந்து வருகிறது என்பதே நான் சொல்ல விரும்பும் அடிப்படைச் செய்தி. மற்ற யோசனைகளெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். எதைப் பற்றி எழுதினாலும் அந்த மூலப் பாடலோ பகுதியோ அதே பக்கத்தில் முழுமையாக இருக்க வேண்டும். மற்றவர் ரசித்ததைக் கேட்பது பாதி இன்பம். தானே சுவைத்துப் பார்த்துவிட்டு “ஆமாம்” என்றோ “எனக்கு அப்படித் தோன்றவில்லையே” என்றோ சொல்ல முடிந்தால்தான் அது முழுமையாகும். இதற்குக் குறுந்தொகை மிகவும் ஏற்றது. அதில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை நான்கிலிருந்து எட்டு அடிக்குள் அடங்குபவை. பாடல், அருஞ்சொற்களுக்குப் பொருள், ஓர் உறுப்பினர் அதை எப்படி வாசித்தார் என்ற அரைப் பக்கக் குறிப்பு, இவ்வளவும் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் வந்துவிடும். விரித்துவைத்தால் எல்லாம் கண்முன் இருக்கும். பக்கம் திருப்பக்கூடத் தேவையில்லை.

எங்கள் இதழில் இப்படித் தொடங்கிய ஒரு பகுதியில், குறுந்தொகையின் மூன்றாம் பாடலைப் பற்றி எழுத ஒரு விவசாயியைக் கேட்டுக்கொண்டோம். தலைவனுடன் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழமானது என்று தலைவி சொல்லும், எல்லோரும் அறிந்த பாடல். அறிஞர் எவரும் அவ்வளவாகக் கவனம் செலுத்தாத இடத்தில் அவர் நின்றார். குறிஞ்சி என்றதும் நாமெல்லோரும் பூவின் நீலத்தையே பேசுகிறோம், பாடலோ பூவின் நிறத்தைச் சொல்லவே இல்லை, தண்டின் கருமையை மட்டுமே சொல்கிறது, செடியைக் கிட்ட நின்று பார்த்தவர்தான் இப்படிப் பாட முடியும் என்று எழுதினார். ஒரு சரிவு முழுவதும் சேர்ந்து பூத்த ஆண்டில் தேனீக்களின் இரைச்சல் எப்படி இருந்தது என்று நான்கு வரிகளில் சொல்லி முடித்துவிட்டார். அதற்கு வந்த கடிதங்களைப் போல் வேறு எந்தக் கட்டுரைக்கும் எங்களுக்கு வந்ததில்லை. பாறை முகட்டில் தேன் எடுக்கும் குறும்பர்களைப் பற்றி ஒருவர் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பூப்பதால் அந்தத் தேனுக்கு வரும் அருமையே நட்பின் அருமையாகிறது என்று ஓர் ஆசிரியை எழுதினார். பாடலில் பன்னிரண்டு ஆண்டு என்ற செய்தியே இல்லை, நாம் அறிந்ததை அதன்மேல் ஏற்றலாகாது என்று மற்றொருவர் அடுத்த இதழில் மறுத்தார். அவர் மறுத்தது சரி என்பது என் எண்ணம். ஆனால் ஆசிரியையின் வாசிப்பையும் என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. இந்த வாதம் இரண்டு இதழ்களுக்கு நீண்டது. அந்த இரண்டு இதழ்களையும் எவரும் பிரிக்காமல் வைத்திருக்க மாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பேற்பேன், ஏனென்றால் கூட்டத்தில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

அங்கே நிகழ்ந்தது இதுதான்: எழுதியவரைப் படித்தவர்களுக்குத் தெரியும், படித்தவர்களுக்கு மறுமொழி சொல்லும் உரிமை இருந்தது, அந்த மறுமொழி அச்சேறும் என்ற நம்பிக்கையும் இருந்தது. எனவே கடிதப் பகுதியை இதழின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளாமல் முன்னால் கொண்டுவாருங்கள். “இதழ் கிடைத்தது, அட்டை அழகு” போன்ற வரிகளை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு, ஒரு கருத்தாவது சொல்லும் கடிதங்களை மட்டும் வெளியிடுங்கள். நம் சிற்றிதழ் வரலாறும் இதையே காட்டுகிறது. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழுக்குள் வெங்கட் சாமிநாதன் முதலில் நுழைந்தது ஒரு வாசகர் கடிதத்தின் வழியாகத்தான். வடக்கே அரசுப் பணியில் இருந்த ஒருவரின் கடிதத்தை மதித்து வெளியிட்டு, மேலும் எழுதச் சொன்னதால் நமக்கு ஒரு விமர்சகர் கிடைத்தார். உங்கள் எண்பது பேரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதல்ல இங்கே முக்கியம். தன் சொல்லுக்கு இடம் இருக்கிறது என்று அறிந்த வாசகர் படிக்கும் விதமே மாறிவிடுகிறது.

உறுப்பினர்கள் மகிழ்கிறார்களா என்று எப்படி அறிவது என்ற கேள்விக்கு வருகிறேன். கருத்துப் படிவம் கொடுத்துப் பயனில்லை. முகத்துக்கு முன்னால் குறை சொல்லக் கூடாது என்ற பண்பு நம்மிடம் ஆழமாக இருக்கிறது. செயலாளர் சொந்தப் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே “மிக நன்று” என்ற கட்டத்தில்தான் டிக் விழும். அதற்குப் பதிலாகக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன இதழில் எந்தப் பகுதியை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டினீர்கள்?” இதற்குப் பொய்யான விடை சொல்வது கடினம், சொல்லத் தோன்றுவதும் இல்லை. மௌனம் வந்தால் அதுவும் விடைதான். இன்னொரு வழி, வழக்கமாக வரும் ஒரு பகுதியை முன்னறிவிப்பின்றி ஓர் இதழில் விட்டுவிடுவது. யாராவது “அது எங்கே?” என்று கேட்டால் அந்தப் பகுதிக்கு உயிர் இருக்கிறது. இரண்டு இதழ்கள் கடந்தும் எவரும் கேட்கவில்லையென்றால் அந்தப் பக்கங்களை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம். நாங்கள் இப்படித்தான் எங்கள் நூல் வரவுப் பட்டியலை விட்டோம். தலையங்கத்தையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கு அது மனக்கஷ்டம் தரக்கூடியது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

கூட்டமும் இதழும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாக இதழ் கையில் கிடைத்து, அதில் உள்ள ஒரு பாடலோ ஒரு சிறுகதையோ அந்தக் கூட்டத்தின் பேச்சுப்பொருளாக இருந்தால், படிக்க ஒரு காரணமும் ஒரு காலக்கெடுவும் கிடைத்துவிடுகின்றன. பல சங்கங்களில் இதழ் கூட்டத்தன்றுதான் மேடையில் வெளியிடப்படுகிறது, சிறப்பு விருந்தினர் கையால் முதல் பிரதி வழங்கப்படுகிறது. பார்க்க அழகான நிகழ்ச்சிதான். ஆனால் அன்று பேசப்படும் எதையும் யாரும் படித்திருக்க முடியாது, அடுத்த கூட்டத்துக்குள் அந்த இதழ் பழையதாகிவிடுகிறது.

மலைக்கு மட்டும் உரிய ஒரு செய்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இருந்து யோசனை சொல்கிறவர்களுக்கு இது தோன்றாது. காலாண்டிதழ் என்றதும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று வகுத்துக்கொள்கிறோம். நீலகிரியில் ஏப்ரலும் மேயும் சுற்றுலாப் பயணிகள் குவியும் சீசன். உங்கள் ஊரிலேயே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி, உதகையில் மலர்க்கண்காட்சி எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கின்றன. கடை வைத்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், விடுதியில் கணக்கு எழுதுபவர் எவருக்கும் அப்போது உட்கார நேரமில்லை. மற்றவர்கள் வீட்டிலோ கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த உறவினர்கள் நிறைந்திருப்பார்கள். ஏப்ரல் இதழ் படிக்கப்படாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் வலுத்து, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால், கீழே அச்சடித்த கட்டு மேலே வருவதற்கே நாளாகும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை ஹெத்தையம்மன் பண்டிகை. படுகர் சமூகத்து உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போய்வருவார்கள். இவற்றையெல்லாம் தவிர்த்துப் பார்த்தால் பிப்ரவரி நடுப்பகுதி, ஜூன் நடுப்பகுதி, செப்டம்பர் தொடக்கம், டிசம்பர் தொடக்கம் ஆகிய நான்கும் எஞ்சுகின்றன. இடைவெளிகள் சமமாக இல்லை என்பது உண்மை. காலாண்டு என்பதற்காக நாட்காட்டிக்கு அடிமையாக வேண்டியதில்லை. ஜூன் இதழ்தான் எங்களிடம் மிகுதியாகப் படிக்கப்பட்டது. சீசன் முடிந்து ஊர் அமைதியாகி, மழையும் மூடுபனியும் வெளியே போகவிடாமல் செய்யும் நாட்கள் அவை. நீளமான கதையோ நீண்ட கட்டுரையோ உங்களிடம் இருந்தால் அதற்கென்று வைத்திருங்கள்.

ஈரப்பதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டையின் வெளிப்புறத்தில் மட்டும் லேமினேஷன் செய்தால், பூச்சு இல்லாத உட்புறம் காற்றின் ஈரத்தை இழுத்து அட்டை சுருண்டுகொள்ளும். நம் மழைக்காலத்தில் சில நாட்களிலேயே இது நடந்துவிடும். நடுவில் அடிக்கும் பின் துருப்பிடித்துப் பக்கத்தில் பழுப்புக் கோடு விழும். பூச்சில்லாத கெட்டி அட்டையே போதும்; வண்ணப்படத்துக்கு ஆகும் செலவை நல்ல பின்னுக்கும் எழுத்தளவுக்கும் திருப்பிவிடலாம். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்களாக இருந்தால் 12 பாயிண்டுக்குக் குறைந்த எழுத்தில் அச்சிடுவது அவர்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். மாலை விளக்கு வெளிச்சத்தில் படிக்கும் கண்கள் அவை. பக்கங்களையும் குறைத்துவிடுங்கள். ஏ5 அளவில் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் உட்பக்கம் 32, அட்டை 170 ஜிஎஸ்எம் என்று வைத்தால் ஓர் இதழ் உறையில்லாமல் சுமார் 45 கிராம்தான் வரும். உங்கள் 64 பக்க இதழ் அதே தாளில் 80 கிராமைத் தொடும். அஞ்சல் செலவு எடையைப் பொறுத்தது என்பதால் மிச்சம் கணிசமானது. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய இதழ் என்ற எண்ணம் தரும் ஊக்கம் அதைவிடப் பெரியது.

இனி எனக்கு உறுதியில்லாதவற்றைச் சொல்கிறேன். உறுப்பினர்களின் சொந்தக் கவிதைகளை வெளியிடுவது இதழின்மேல் ஈடுபாட்டை வளர்க்குமா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. தன் கவிதை வந்த இதழை ஒருவர் நூறு முறை எடுத்துப் பார்ப்பார், அதில் ஐயமில்லை. மற்றவர் கவிதையைப் படிப்பாரா என்பதுதான் கேள்வி. ஒருவருடையதை வெளியிட்டால் அடுத்தவருடையதை மறுக்க முடியாமல், சில ஆண்டுகளில் இதழே கவிதைத் தொகுப்பாகிவிட்ட சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். மாறாக, அப்படிப்பட்ட பக்கங்களால்தான் ஓர் இளைஞர் எழுதத் தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன். இதழுக்கு இரண்டு பக்கம் என்று எல்லை வகுத்து, கவிதை தருகிறவரிடம் கூடவே தனக்குப் பிடித்த பிறர் கவிதை ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரச் சொல்லலாம் என்பது என் யோசனை. இது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். விழாப் புகைப்படங்களைப் பற்றி அவ்வளவு தயக்கம் இல்லை. பெரும்பாலோர் இதழைப் பிரித்ததும் முதலில் தேடுவது அவற்றைத்தான். தங்கள் முகத்தையும் நண்பர்கள் முகத்தையும் பார்க்க விரும்புவதில் தவறொன்றும் இல்லை. ஒரு பக்கம் ஒதுக்கிக் கடைசியில் வைத்துவிடுங்கள்.

மலையில் நமக்குக் கிடைத்திருக்கும் வாசகர்கள் ஒரே வகையினர் அல்லர் என்பதும் நினைவில் இருக்கட்டும். வீட்டில் படுக மொழி பேசிப் பள்ளியில் தமிழ் படித்தவர்கள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பக்கத்தில் மலையாளமும் கன்னடமும் கலந்த வீடுகள் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையகம் எனப்படும் இலங்கைத் தோட்டப் பகுதியின் சிறுகதை ஒன்றை, லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்த ஒருவர் வாசிப்பதும் நானோ நீங்களோ வாசிப்பதும் ஒன்றாகா. வெளியூர்ப் பேராசிரியர் அந்தக் கதையின் உத்தியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுவதைக் காட்டிலும், இவர் தன் பாட்டி சொன்னதோடு ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினால் எண்பது பேரும் படிப்பார்கள். எழுத வராது என்று அவர் தயங்கினால், அவர் பேசுவதைப் பதிவுசெய்து நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அச்சுக்குப் போகும் முன் அவரிடம் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவது மட்டும் கட்டாயம். பேராசிரியர்களின் கட்டுரைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதழுக்கு ஒன்று இருக்கட்டும். அது உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு விடையாக இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். கேள்வியோடு சேர்த்துக் கேட்டால் அவர்களும் மகிழ்ச்சியோடுதான் எழுதித் தருகிறார்கள்.

பிடிஎஃப் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது சொல்லலாம். ஏ5 பக்கத்தைக் கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமுமாக நகர்த்திப் படிப்பது வயதானவர்களுக்குத் தொல்லை என்பது உறுதி. இளையவர்கள் அப்படிப் படிக்கிறார்களா என்பதற்கு என்னிடம் நம்பத்தக்க சான்று இல்லை. கோப்பு திறக்கப்பட்டது என்பதால் படிக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. வாட்ஸ்அப்பை விட்டுவிட வேண்டியதில்லை, அதற்கு ஏற்ற வேலையைக் கொடுங்கள். இதழின் ஒரு பகுதியை மட்டும், படமாகவோ கோப்பாகவோ இல்லாமல் நேரடி எழுத்தாக அனுப்பலாம். அதைவிட நன்றாகப் பலித்தது, நல்ல குரல் உள்ள ஓர் உறுப்பினரைக் கொண்டு பாடலையும் குறிப்பையும் வாசிக்கச் சொல்லி ஐந்து நிமிட ஒலிப்பதிவாக அனுப்புவது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு மூத்த உறுப்பினர் அந்த ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, தன் மகளிடம் சொல்லி எங்களுக்குக் கடிதம் எழுதவைத்தார். அச்சிதழை நிறுத்தும் முடிவை ஓராண்டுக்குத் தள்ளிவையுங்கள். பக்கத்தைப் பாதியாகக் குறைத்து, பருவம் பார்த்து வெளியிட்டு, கடிதங்களை முன்னால் வைத்து நான்கு இதழ்கள் நடத்திய பிறகும் நிலைமை மாறவில்லையென்றால் அப்போது நிறுத்தலாம். அதற்குள் மாறாது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

பழைய இதழ்களை என்ன செய்வது என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சங்க அலுவலகத்து அலமாரியில் விட்டுவைத்தால் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் நம் ஊர்ப் பழக்கம் துணிகளுக்குப் போதும், தாளுக்கு அது நிலையான காப்பு ஆகாது. ஒவ்வோர் ஆண்டு இதழ்களையும் சேர்த்துத் தைத்து ஒரு தொகுதியை உங்கள் கிளை நூலகத்தில் கொடுங்கள். மற்றொரு தொகுதியை ஏற்றுக்கொள்வார்களா என்று சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1994 முதல் இயங்கும் அந்த நூலகம் தமிழின் அச்சு வெளியீடுகளைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்துவருகிறது. எஞ்சிய பிரதிகளைக் கட்டிவைக்காமல், புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு ஆளுக்கு மூன்று கொடுத்து, அவற்றில் ஏதேனும் ஒன்றைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஜூன் இதழுக்கு முதல் கடிதங்கள் அப்படியே கிடைத்துவிடும்.